பெப்டைடின் சம மின்புள்ளியை நகர்த்துதல்: பக்கச் சங்கிலி மாற்றங்களுள் எதைத் தேர்வது?

ஆய்வகத்தில் தொகுத்த ஒரு பெப்டைடு, 7.4 பிஎச் கொண்ட தாங்கல் கரைசலில் தெளிவாகக் கரைந்து நிற்காமல் கலங்கிப் படியும்போது, முதலில் எழும் ஐயம் அதன் சம மின்புள்ளியைப் பற்றியதாகவே இருக்கும். சம மின்புள்ளி என்பது நிகர மின்சுமை சுழியாகும் பிஎச்; அங்கே மூலக்கூறுகள் ஒன்றையொன்று விலக்குவது குறைகிறது. அதனால் கரைதிறனும் அங்கேதான் பெரும்பாலும் மிகக் குறைவாக இருக்கிறது. ஆகவே சம மின்புள்ளியைப் பணிசெய்யும் பிஎச்சிலிருந்து தள்ளிவைக்க வேண்டும் என்ற முடிவுக்கு வருவது எளிது. அந்த நகர்வை எந்த மாற்றத்தால் செய்வது என்பதுதான் கடினமான கேள்வி. லைசினை அசிட்டைலேற்றுவதா, சக்சினைலேற்றுவதா, செரினில் பாஸ்பேட்டைச் சேர்ப்பதா, முனைகளை மூடுவதா, கார்பாக்சில் தொகுதிகளை அமைடாக்குவதா என்று பல வழிகள் உள்ளன. இவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் கணிப்பு மென்பொருள் தரும் சம மின்புள்ளியின் எண்ணை மட்டும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். அந்த எண் தனியாக நின்றால் தவறான தேர்வுக்கே இட்டுச் செல்லக்கூடும் என்பதும், பணிசெய்யும் பிஎச்சில் எஞ்சும் நிகர மின்சுமையையும் அது பிஎச்சோடு மாறும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பீடு பொருளுடையதாகும் என்பதும் என் உறுதியான கருத்து.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெப்டைடில் மின்சுமை ஏற்கக்கூடிய இடங்கள் சிலவே: அமீன் முனை, கார்பாக்சில் முனை, பக்கச் சங்கிலிகளில் அஸ்பார்டிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம், ஹிஸ்டிடின், சிஸ்டீன், டைரோசின், லைசின், ஆர்ஜினின். ஒவ்வொன்றும் தன் பிகேஏ மதிப்பை (அத்தொகுதிகளில் பாதி புரோட்டானை இழந்திருக்கும் பிஎச்சை) ஒட்டிய பிஎச்சில் புரோட்டானை இழக்கிறது. பக்கச் சங்கிலியில் செய்யும் எந்த மாற்றமும் இந்தக் கணக்கில் நான்கு வகையில்தான் தலையிட முடியும்: இருந்த மின்சுமையை அழிக்கலாம், இல்லாத இடத்தில் புதிதாகச் சேர்க்கலாம், நேர்மின்சுமையை எதிர்மின்சுமையாகப் புரட்டலாம், அல்லது மின்சுமையை வைத்துக்கொண்டே பிகேஏ மதிப்பை மட்டும் நகர்த்தலாம். மெத்தியோனின் ஆக்சிசனேற்றம், இடக்கை வடிவத்துக்குப் பதிலாக வலக்கை வடிவ அமினோ அமிலத்தைப் பயன்படுத்துதல், மின்சுமையற்ற சர்க்கரைகளை இணைத்தல் ஆகியவை இவற்றுள் எதையும் நேரடியாகச் செய்வதில்லை. ஆதலால் சம மின்புள்ளியைப் பொருத்தவரை அவற்றை ஒதுக்கிவிடலாம்.

ஒப்பீடு வெறும் சொல்லாக நிற்காமல் இருக்க ஒரு மாதிரிப் பெப்டைடை எடுத்துக்கொள்வோம். அதன் வரிசை: கிளைசின், லைசின், அலனின், குளுட்டாமிக் அமிலம், பினைல்அலனின், செரின், லைசின், லியூசின், அஸ்பார்டிக் அமிலம், டைரோசின், அஸ்பரஜின், கிளைசின். பன்னிரண்டு அமினோ அமிலங்கள் கொண்ட இதற்கு, அமீன் முனைக்கு 8.0, கார்பாக்சில் முனைக்கு 3.5, அஸ்பார்டிக் அமிலத்துக்கு 3.9, குளுட்டாமிக் அமிலத்துக்கு 4.2, டைரோசினுக்கு 10.1, லைசினுக்கு 10.5 என வழக்கமான பிகேஏ மதிப்புகளைக் கொண்டு கணக்கிட்டால், சம மின்புள்ளி ஏறத்தாழ 6.2 என்று வருகிறது. 7.4 பிஎச்சிலிருந்து அது ஒன்றேகால் அலகு தள்ளியிருப்பதால் கவலையில்லை என்று தோன்றும். ஆனால் அதே கணக்கு, 7.4 பிஎச்சில் நிகர மின்சுமை வெறும் −0.2 என்று காட்டுகிறது. ஏனென்றால் 4.2க்கும் 8.0க்கும் இடையில் புரோட்டானை இழக்கும் தொகுதி எதுவும் இந்தப் பெப்டைடில் இல்லை. அந்த நீண்ட இடைவெளி முழுவதும், பிஎச்சுக்கு எதிராக நிகர மின்சுமையை வரைந்தால் கிடைக்கும் கோடு சுழியை ஒட்டிப் படுத்தே கிடக்கிறது. பன்னிரண்டில் நான்கு பக்கச் சங்கிலிகள் மின்சுமை கொண்டவையாக இருந்தும், கூட்டிக் கழித்தால் எஞ்சுவது ஏறத்தாழ ஒன்றுமில்லை. மின்சுமை கொண்ட தொகுதிகளின் எண்ணிக்கையே நீரோடு உறவாட ஓரளவு உதவும் என்பது உண்மைதான். ஆயினும் எதிரெதிர் மின்சுமைகள் அடுத்தடுத்த மூலக்கூறுகளை ஒட்டவைக்கவும் செய்யும்.

முனைகளை மூடுதல்

செலவு குறைந்த வழி என்பதால் பலர் முதலில் நாடுவது முனைகளைத்தான். அவை பக்கச் சங்கிலிகள் அல்ல. ஆனால் பக்கச் சங்கிலி மாற்றத்துக்குப் போவதற்கு முன் அவற்றோடு ஒப்பிட்டே ஆகவேண்டும்.

கார்பாக்சில் முனையை மட்டும் அமைடாக்கினால் ஓர் எதிர்மின்சுமை மறைகிறது. மாதிரிப் பெப்டைடின் சம மின்புள்ளி 6.2இலிருந்து 8.9க்குத் தாவுகிறது, 7.4 பிஎச்சில் மின்சுமை +0.8 ஆகிறது. அமீன் முனையை மட்டும் அசிட்டைலேற்றினால் ஒரு நேர்மின்சுமை மறைந்து, சம மின்புள்ளி 4.2க்கு இறங்குகிறது; மின்சுமை −1.0 ஆகிறது. ஒரே ஒரு மின்சுமை மாற்றத்துக்கு இரண்டு முதல் மூன்று அலகு நகர்வு கிடைப்பது வியப்பாகத் தோன்றலாம். தட்டையாகக் கிடக்கும் கோட்டைச் சற்றே மேலோ கீழோ நகர்த்தினாலும் அது சுழியை வெட்டும் இடம் வெகுதூரம் ஓடிவிடும் என்பதே இதன் காரணம். எண் பெரிதாக நகர்ந்தது. மின்சுமை நகர்ந்தது ஒன்று மட்டுமே.

இரண்டு முனைகளையும் சேர்த்து மூடுவது பெப்டைடு தொகுப்பில் மிகப் பரவலான வழக்கம். புரதத்தின் நடுவில் இருந்த துண்டை அது நன்றாக ஒத்திருக்கும். முனைகளைக் கடித்து உண்ணும் நொதிகளிடமிருந்தும் காக்கும். ஆனால் நம் மாதிரிக்கு இதுவே எல்லாவற்றிலும் மோசமான தேர்வு. ஒரு நேர்மின்சுமையும் ஓர் எதிர்மின்சுமையும் ஒருங்கே மறைவதால் இரண்டு லைசின்களும் இரண்டு அமிலப் பக்கச் சங்கிலிகளும் சரிநிகராக நின்று, சம மின்புள்ளி 7.1 ஆகிறது, 7.4 பிஎச்சில் நிகர மின்சுமை ஏறத்தாழ முழுச் சுழி. முனையோடு முனை இணைத்து வளையமாக்கினாலும் இதே கணக்குதான். வழக்கம் என்பதற்காக இரு முனைகளையும் மூடி வாங்கிவிட்டுப் பிறகு கரையவில்லை என்று வருந்துவதை, வரிசையில் உள்ள மின்சுமைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தாலே தவிர்க்கலாம்.

கீழ்நோக்கி நகர்த்தும் மாற்றங்கள்

இனிப் பக்கச் சங்கிலிகளுக்கு வருவோம். லைசினின் பக்க அமீன் தொகுதி வேதிவினைக்கு எளிதில் இணங்குவதால் அதிலிருந்தே தொடங்குவது முறை.

ஒரு லைசினை அசிட்டைலேற்றினால் சம மின்புள்ளி 4.2 ஆகிறது. அமீன் முனையை அசிட்டைலேற்றியபோது கிடைத்த அதே எண் இது. ஆனால் 7.4 பிஎச்சில் மின்சுமை இங்கே −1.2, அங்கே −1.0. 8.0 என்ற பிகேஏ கொண்ட அமீன் முனை 7.4 பிஎச்சில் தன் நேர்மின்சுமையில் ஐந்திலொரு பங்கை முன்பே இழந்திருந்ததால், அதை மூடும்போது இழக்க வேண்டியது குறைவாக இருந்தது. லைசினோ முழு மின்சுமையையும் இழக்கிறது. இரண்டாவது லைசினையும் அசிட்டைலேற்றினால் சம மின்புள்ளி 3.5 வரைதான் இறங்குகிறது. முதல் அசிட்டைல் தொகுதி இரண்டு அலகை நகர்த்தியது, இரண்டாவது 0.7 அலகை மட்டுமே நகர்த்தியது. இதைக் கண்டு இரண்டாவது மாற்றத்தால் பெரிய பயனில்லை என்று முடிவு செய்தால் அது தவறாகும். மின்சுமை −1.2இலிருந்து −2.2க்குச் சென்றுள்ளது, கரைதிறனைப் பொருத்தவரை இரண்டாவதும் முதலாவதற்கு இணையான பங்காற்றக்கூடும். அமிலத் தொகுதிகள் நெருங்கி நிற்கும் 3.5 முதல் 4.5 வரையிலான பகுதியில் கோடு செங்குத்தாக இறங்குவதால் எண் குறைவாக நகர்கிறது, அவ்வளவே.

சக்சினைலேற்றத்தை இதோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். சக்சினைல் தொகுதி லைசினின் நேர்மின்சுமையை அழிப்பதோடு நில்லாமல், தன் மறுமுனையில் ஒரு கார்பாக்சில் தொகுதியையும் ஏந்தி நிற்கிறது. +1 இருந்த இடத்தில் −1 வருகிறது. மொத்த மாற்றம் இரண்டு. புதிய அமிலத் தொகுதிக்கு 4.5 என்று பிகேஏ கொண்டால், ஒரே ஒரு லைசினைச் சக்சினைலேற்றிய பெப்டைடின் சம மின்புள்ளி 4.0. அசிட்டைலேற்றியதற்கு 4.2. மென்பொருளின் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இந்த 0.2 அலகு வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாகத் தோன்றாது. 7.4 பிஎச்சில் மின்சுமையோ ஒன்றில் −1.2, மற்றதில் −2.2. அசிட்டைல் தொகுதி பக்கச் சங்கிலியின் நீர்விலக்கும் தன்மையையும் கூட்டும். சக்சினைல் தொகுதி நீரை நாடும். கரைதிறனே குறிக்கோள் என்றால் இவ்விரண்டுள் சக்சினைலேற்றத்தையே நான் தேர்வேன்.

அதற்கும் விலை உண்டு. சக்சினிக் நீரிலியை முடிந்த பெப்டைடின் மேல் ஊற்றினால் அது இரண்டு லைசின்களையும் அமீன் முனையையும் வேறுபாடின்றித் தாக்கும். பிஎச்சை 7க்கு அருகில் வைத்தால் அமீன் முனை லைசினைவிட விரைவாக வினைபுரியும் என்பதால் ஓரளவு தேர்வு கிடைக்கும். ஆனால் வேண்டியது லைசின் என்றால் அந்தத் தேர்வு எதிர்த்திசையில்தான் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட லைசினை மட்டும் மாற்ற வேண்டுமென்றால், திண்மத் தாங்கியின் மேல் தொகுக்கும்போதே அந்த லைசினுக்குத் தனியாக விடுவிக்கக்கூடிய காப்புத் தொகுதியைப் பயன்படுத்த வேண்டும். இது கூடுதல் படிகளையும் கூடுதல் செலவையும் கேட்கும்.

செரினைப் பாஸ்பரைலேற்றுவது வேறு வகையான வழி. அது எந்த நேர்மின்சுமையையும் அழிப்பதில்லை. மின்சுமையற்ற ஹைடிராக்சில் இருந்த இடத்தில் இரண்டு அமிலப் படிகள் கொண்ட தொகுதியை வைக்கிறது. முதல் படியின் பிகேஏ 2க்கும் கீழே; இரண்டாவது 5.8 அளவில். மாதிரிப் பெப்டைடின் சம மின்புள்ளி மீண்டும் 4.2தான். டைரோசினில் சல்பேட்டைச் சேர்த்தாலும் அதே 4.2தான். ஆக, அமீன் முனை அசிட்டைல், லைசின் அசிட்டைல், செரின் பாஸ்பேட், டைரோசின் சல்பேட் என வேதியியலில் முற்றிலும் வேறான நான்கு மாற்றங்கள் ஒரே சம மின்புள்ளியைத் தருகின்றன. 7.4 பிஎச்சில் அவற்றின் மின்சுமைகள் முறையே −1.0, −1.2, −2.2, −1.2. சம மின்புள்ளியில் நிற்கும்போது பாஸ்பேட் ஒரே ஓர் எதிர்மின்சுமையைத்தான் காட்டுகிறது. அதன் இரண்டாவது மின்சுமை 5.8க்கு மேல்தான் வெளிப்படுகிறது. சுழியைத் தாண்டிய பிறகு நடப்பதைச் சம மின்புள்ளி என்ற எண் ஒருபோதும் சொல்லாது.

சக்சினைலும் பாஸ்பேட்டும் 7.4 பிஎச்சில் சமமாக −2.2 தருவதால், இவற்றுக்கிடையே எதைத் தேர்வது என்ற கேள்விக்கு மின்சுமை நிலைத்து நிற்பதே விடை தருகிறது. கரைசலின் பிஎச் 6.0க்கு இறங்கினால் சக்சினைல் வடிவம் ஏறத்தாழ −1.95இல் நிற்கிறது, பாஸ்பேட் வடிவம் −1.6க்கு வந்துவிடுகிறது. பிஎச் மாறும் சூழலில் ஒரே நடத்தை வேண்டும் என்றால் சக்சினைல் மேல். பிஎச் மாற்றத்துக்கேற்ப மின்சுமையும் மாற வேண்டும் என்பதே நோக்கமானால் பாஸ்பேட் பொருத்தம். குருதியிலும் உயிரணுவிலும் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகள் உண்டு என்பதையும், வலிய காரத்தில் பாஸ்போசெரின் பாஸ்பேட்டை இழந்து சிதையும் என்பதையும், டைரோசின் சல்பேட் வலிய அமிலத்தில் நிலைக்காது என்பதால் தாங்கியிலிருந்து பெப்டைடை விடுவிக்கும் படியிலேயே இழப்பு நேரலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மேல்நோக்கி நகர்த்தும் மாற்றங்கள்

மேல்நோக்கிச் செல்ல இருக்கும் வழிகள் குறைவு. குளுட்டாமிக் அமிலத்தின் பக்கக் கார்பாக்சிலை அமைடாக்கினால், அதாவது அதற்குப் பதிலாகக் குளுட்டமினை வைத்தால், கார்பாக்சில் முனையை அமைடாக்கியதற்கு ஏறத்தாழ இணையான விளைவே கிடைக்கும்: சம மின்புள்ளி 8.9, மின்சுமை +0.8. அதே இடத்தில் லைசினை வைத்தால் மின்சுமை +1.8 ஆகும், சம மின்புள்ளி 9.9. வரிசையை மாற்ற முடியாத நிலையில், கார்பாக்சில் தொகுதியோடு எத்திலீன்டையமீனை இணைத்து எதிர்மின்சுமையை நேர்மின்சுமையாகப் புரட்டலாம். மின்சுமை அதே +1.8க்கு அருகில் வரும், சம மின்புள்ளி 9.5 அளவில் நிற்கும். மெத்தில் எஸ்டராக்குவதும் ஒரு வழிதான். ஆனால் எஸ்டர் நீரில் மெல்லச் சிதைந்து பழைய அமிலத்துக்கே திரும்பும் என்பதால் நீண்டநாள் சேமிக்க வேண்டிய பெப்டைடுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹிஸ்டிடினைச் சேர்ப்பது பலருக்கும் கவர்ச்சியாகத் தோன்றும் யோசனை. மாதிரிப் பெப்டைடில் ஒரு ஹிஸ்டிடினைக் கூடுதலாக வைத்து அதற்கு 6.5 என்று பிகேஏ கொண்டால், சம மின்புள்ளி 6.2இலிருந்து 7.25க்கு ஏறுகிறது, 7.4 பிஎச்சில் மின்சுமை −0.1. எண் ஓர் அலகுக்கு மேல் நகர்ந்தும் நிலைமை மோசமாகியிருக்கிறது.

மின்சுமையை மாற்றாமல் பிகேஏ மதிப்பை மட்டும் உயர்த்தும் மாற்றங்களை இங்கே ஒரு சொல்லில் குறிப்பிட வேண்டும். லைசினைக் குவானிடினேற்றம் செய்து ஹோமோஆர்ஜினினாக்கினால் நேர்மின்சுமை இன்னும் வலிய காரத்தன்மை பெறும். லைசினையோ ஆர்ஜினினையோ மெத்தைலேற்றினாலும் நேர்மின்சுமை தங்கிவிடும். மூன்று மெத்தில் தொகுதிகள் ஏறிய லைசின் எந்த பிஎச்சிலும் அதை இழக்காது. நம் மாதிரியில் இரண்டு லைசின்களையும் ஹோமோஆர்ஜினினாக்கினாலும் சம மின்புள்ளி 6.2 என்ற இடத்தைவிட்டு அசையாது, ஏனெனில் அந்தப் பகுதியில் லைசின் எப்படியும் முழு மின்சுமையோடுதான் இருந்தது. பயன் காண வேண்டுமானால் சம மின்புள்ளி முன்பே 9க்கு அருகில் இருக்க வேண்டும். அங்கும் நகர்வு சிறிதே.

இந்த வேறுபாடு இன்னோரிடத்தில் பெரிதும் உதவும். பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலியையோ ஒளிர்சாயத்தையோ லைசினில் இணைக்கும்போது, செயலூட்டிய எஸ்டர் வழியாக இணைத்தால் அமைடு பிணைப்பு உருவாகி நேர்மின்சுமை போய்விடும். ஆல்டிஹைடு வழியாக இணைத்து ஒடுக்கினால் இரண்டாம் நிலை அமீனாக நேர்மின்சுமை தங்கிவிடும். இணைக்கப்படும் பொருள் ஒன்றே, சம மின்புள்ளியின் மேல் விளைவு வேறு. ஃபுளோரசீன் போன்ற சாயங்கள் தாமே எதிர்மின்சுமை கொண்டவை என்பதால் அவற்றின் பங்கையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

சிஸ்டீன் உள்ள பெப்டைடுகளுக்கு வினைப்பொருளே விடையைத் தீர்மானிக்கிறது. அயோடோஅசிட்டமைடு சிஸ்டீனை மின்சுமையற்றதாக்கும். அயோடோஅசிட்டிக் அமிலம் ஒரு கார்பாக்சிலைச் சேர்த்து எதிர்மின்சுமை தரும். புரோமோஎத்தில்அமீன் லைசினை ஒத்த காரப் பக்கச் சங்கிலியாக மாற்றி நேர்மின்சுமை தரும், டிரிப்சின் வெட்டும் புதிய இடத்தையும் உருவாக்கும்.

கேளாமல் வரும் மாற்றங்கள்

நாம் தேர்ந்து செய்பவற்றோடு தாமாக நிகழ்பவற்றையும் ஒப்பிட்டே ஆகவேண்டும், ஏனெனில் அவை நம் கணக்கைக் கவிழ்க்கும் வலிமை உடையவை. மாதிரி வரிசையில் அஸ்பரஜினை அடுத்துக் கிளைசின் நிற்கிறது. அமைடு நீக்கத்துக்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை: 37 டிகிரி செல்சியஸில், 7.4 பிஎச்சில், சிறிய மாதிரிப் பெப்டைடுகளில் இந்த இணையின் அரைவாழ்வு ஏறத்தாழ ஒரு நாள். வளைய இடைநிலை வழியாக அஸ்பரஜின், அஸ்பார்டிக் அமிலமும் ஐசோஅஸ்பார்டிக் அமிலமும் கலந்த கலவையாக மாறுகிறது; பொதுவாக ஐசோ வடிவமே மிகுதி. மாதிரியின் சம மின்புள்ளி 6.2இலிருந்து 4.4க்கு வீழ்கிறது, மின்சுமை −1.2 ஆகிறது, நிறையோ ஏறத்தாழ 0.98 டால்டன் மட்டுமே கூடுகிறது. ஆர்ஜினின் சிட்ருலினாக மாறும்போதும் நிறை இதே அளவு கூடுகிறது என்பதால், நிறைமானியில் ஓர் அலகு ஏற்றத்தைக் கண்டவுடன் எது நிகழ்ந்தது என்று சொல்லிவிட முடியாது. முன்னது எதிர்மின்சுமையைச் சேர்க்கிறது, பின்னது நேர்மின்சுமையை அழிக்கிறது. இரண்டும் சம மின்புள்ளியைக் கீழேதான் இழுக்கின்றன.

யூரியாக் கரைசலில் தானாகத் தோன்றும் சயனேட், லைசினையும் அமீன் முனையையும் கார்பமைலேற்றி நேர்மின்சுமையை அழிப்பது இன்னொரு வகை. வெப்பம் ஏறினால் இது விரைவாகும். இருபரிமாண மின்புலத்தூள்நகர்ச்சி (மின்புலத்தில் புரதங்களைப் பிரிக்கும் முறை) தரும் படங்களில் ஒரே புரதம் வரிசையாகப் பல புள்ளிகளாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். இந்த இயல்பையே பயன்படுத்தி, வேண்டுமென்றே கார்பமைலேற்றிய புரதங்களைச் சம மின்புள்ளியின் அளவுகோலாகவும் வைத்திருக்கிறார்கள். அமீன் முனையில் குளுட்டமின் இருந்தால் அது வளைந்து பைரோகுளுட்டாமிக் அமிலமாகி அந்த முனையின் நேர்மின்சுமையை இழக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மருந்துகள் காட்டும் இரு திசைகள்

சம மின்புள்ளியைப் பணிசெய்யும் பிஎச்சிலிருந்து விலக்குவதே எப்போதும் நோக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. 2000ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற இன்சுலின் கிளார்ஜின் இதற்கு நேர்மாறான தேர்வு. மனித இன்சுலினின் சம மின்புள்ளி 5.4 அளவில் உள்ளது. அதன் பி சங்கிலியின் இறுதியில் இரண்டு ஆர்ஜினின்களைச் சேர்த்ததால் அது 6.7 அளவுக்கு உயர்ந்தது. குப்பியில் 4 பிஎச் கொண்ட தெளிந்த கரைசலாக இருக்கும் மருந்து, தோலடியில் நடுநிலை பிஎச்சைச் சந்தித்ததும் நுண்ணிய படிவாகி அங்கிருந்து மெல்ல மெல்லக் கரைந்து குருதியில் சேர்கிறது. ஆனால் அமிலக் கரைசலில் வைத்தால் ஏ சங்கிலியின் 21ஆம் இடத்து அஸ்பரஜின் அமைடு நீங்கிச் சிதையும். ஆதலால் அதைக் கிளைசினாக மாற்ற வேண்டியதாயிற்று. சம மின்புள்ளிக்காகச் செய்த ஒரு மாற்றம் சேமிப்பு பிஎச்சை மாற்றியது, அந்த பிஎச் இன்னொரு பக்கச் சங்கிலியின் மாற்றத்தைக் கட்டாயமாக்கியது. இந்தத் தொடர்ச்சியை முன்கூட்டியே எண்ணிச் செய்த வடிவமைப்பு என்பதால் இதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நீரிழிவுக்கான பெப்டைடு மருந்தான லிராகுளூடைடில் வேறு கணக்கு. அதன் 26ஆம் இடத்து லைசினில் பால்மிடிக் அமிலம், குளுட்டாமிக் அமில இணைப்பு ஒன்றின் வழியாகக் கோக்கப்பட்டுள்ளது. கொழுப்பமிலத்தை நேரடியாகக் கோத்திருந்தால் நேர்மின்சுமை ஒன்று மட்டும் போயிருக்கும். இடையிலுள்ள குளுட்டாமிக் அமிலம் தன் பக்கக் கார்பாக்சிலால் லைசினைப் பற்றிக்கொண்டு, மற்றக் கார்பாக்சிலைக் கட்டற்று விடுகிறது. எனவே விளைவு சக்சினைலேற்றத்தைப் போல இரண்டு மின்சுமை மாற்றம். அதே மூலக்கூறில் 34ஆம் இடத்து லைசின் ஆர்ஜினினாக மாற்றப்பட்டிருப்பதும் கூர்ந்து நோக்கத்தக்கது: கொழுப்பமிலம் ஒரே இடத்தில் ஏற வழி செய்கிறது, நேர்மின்சுமையையும் இழக்கவில்லை.

கணிப்பு எண்ணை எவ்வளவு நம்புவது

மேலே சொன்ன எண்கள் அனைத்தும், தொகுதிகள் ஒன்றையொன்று பாதிப்பதில்லை என்ற எளிய கணிப்பில் பிறந்தவை. உண்மையில் பக்கத்தில் ஓர் எதிர்மின்சுமை இருந்தால் லைசினின் பிகேஏ ஏறும், இன்னொரு நேர்மின்சுமை இருந்தால் இறங்கும். பாஸ்பேட்டை அடுத்து ஆர்ஜினின் நின்றால் பாஸ்பேட் தன் இரண்டாம் புரோட்டானை இன்னும் எளிதில் விடும். ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு பிகேஏ அட்டவணையை வைத்திருக்கிறது. அமீன் முனைக்கு மட்டும் 7.5 முதல் 9 வரை பல மதிப்புகள் புழக்கத்தில் உள்ளன. ஆர்ஜினினுக்கு நெடுங்காலம் 12.5 என்றே எழுதிவந்தார்கள். 2015இல் வெளியான அளவீடு அதை 13.8 என்று காட்டியது. எந்த ஆர்ஜினினும் 10 பிஎச் வரை முழு மின்சுமையோடே இருக்கும் என்பதால் அந்தத் திருத்தம் நம் தேர்வை மாற்றாது. அமீன் முனையின் மதிப்போ மாற்றும். அதை 8.0க்குப் பதிலாக 8.6 என்று கொண்டால் மாற்றம் செய்யாத மாதிரியின் சம மின்புள்ளி 6.2இலிருந்து 6.5 ஆகிறது, மின்சுமை −0.2இலிருந்து ஏறத்தாழ −0.06 ஆகிறது. கோடு தட்டையாக இருக்கும் பெப்டைடுகளில் இந்த எண்ணின் இரண்டாம் இலக்கத்துக்குப் பொருளில்லை. 3.5க்கும் 4.5க்கும் இடையே கோடு செங்குத்தாக இறங்கும் வடிவங்களுக்குக் கணிப்பு ஒப்பீட்டளவில் நம்பத்தக்கது.

நோக்கத்தைப் பொறுத்த தேர்வு

கரைதிறன் மட்டுமே குறிக்கோள், லைசின்கள் உயிரியல் பணிக்குத் தேவையில்லை என்றால், என் தேர்வு ஒரு லைசினின் சக்சினைலேற்றம். லைசின்கள்தாம் ஏற்பியைப் பற்றும் இடங்கள் என்றால் அவற்றைத் தொடாமல், கார்பாக்சில் முனையை அமைடாக்கிக் குளுட்டாமிக் அமிலத்தையும் குளுட்டமினாக்கி மேல்நோக்கிச் செல்வது நல்லது, மின்சுமை +1.8 அளவுக்கு வரும். ஆனால் நேர்மின்சுமை மிகுந்த பெப்டைடுகள் கண்ணாடிச் சுவரிலும் உயிரணுச் சவ்விலும் ஹெப்பாரின் போன்ற எதிர்மின்சுமைப் பொருள்களிலும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. மிகக் குறைந்த செறிவில் அளவிட வேண்டிய சோதனைகளில் இந்த இழப்பு முடிவையே மாற்றிவிடும். அதனால் இரு திசையும் திறந்திருக்கும்போது கீழ்நோக்கிய திசைக்கே நான் முன்னுரிமை தருவேன்.

இயற்கையான பாஸ்பரைலேற்றத்தைப் போலச் செய்து ஆராய்வதே நோக்கமானால், செரினுக்குப் பதில் குளுட்டாமிக் அமிலத்தை வைக்கும் பழக்கத்தைப் பற்றி ஒரு சொல். அது −1 தரும், பாஸ்பேட் 7.4 பிஎச்சில் −2க்கு அருகில் தரும். இரண்டின் சம மின்புள்ளிகளும் நெருங்கியிருப்பதைக் கொண்டு இவை ஒன்றுக்கொன்று ஈடு என்று கொள்ளக் கூடாது.

மாறிய வடிவத்தையும் மாறாத வடிவத்தையும் பிரித்தெடுப்பதே நோக்கம் என்றால் மட்டும் சம மின்புள்ளியின் எண்ணே முதன்மை பெறுகிறது. 6.2இல் நிற்கும் மூலப் பெப்டைடையும் 4.2இல் நிற்கும் மாறிய வடிவத்தையும் சம மின்புள்ளிக் குவிப்பு முறை எளிதில் பிரித்துவிடும். அசிட்டைலேறியதும் பாஸ்பரைலேறியதும் கலந்திருந்தால் அதே முறை கைவிடும், இரண்டும் 4.2இல் ஒன்றாகக் குவியும். அப்போது 7.4 பிஎச்சில் எதிர்மின் அயனிகளைப் பிடிக்கும் பரிமாற்றப் பத்தியில் −1.2க்கும் −2.2க்கும் உள்ள வேறுபாட்டைப் பயன்படுத்துவதே வழி.

எதைத் தேர்ந்தாலும், தொகுத்து வரும் பெப்டைடு பெரும்பாலும் டிரைபுளூரோஅசிட்டிக் அமிலத்தின் உப்பாகவே கைக்கு வருகிறது என்பதை மறக்கலாகாது. வலுக்குறைந்த தாங்கல் கரைசலில் மில்லிகிராம் கணக்கில் அதைக் கரைத்தால் பிஎச் 7.4இலேயே நிற்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 4க்கும் 5க்கும் இடையே இறங்கிவிட்டால், கீழ்நோக்கி நகர்த்திய பெப்டைடு தன் புதிய சம மின்புள்ளியிலேயே போய் நிற்கும். ஆகவே கரைத்த பின் கரைசலின் பிஎச்சை அளந்து, தேவையானால் சரிசெய்து, 3 முதல் 9 வரை ஒவ்வோர் அலகிலும் சிறு அளவில் கரைத்துச் சுழலியில் சுழற்றி மேல்நீரின் செறிவை அளவிட்டுப் பார்க்க வேண்டும். மாதிரியில் இருப்பதுபோல டைரோசின் இருந்தால், 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சுதலை அளப்பதே இதற்குப் போதும்.